மாமாவின் கரிக்கார்

என் மகன் மின்சாரத்தில் ஓடும் கார் ஒன்று வாங்கப்போகிறானாம். பெற்றோல் வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை என்று ஒரு வாரமாக என் காதருகே வந்து ஓதிக்கொண்டிருக்கிறான். கைபேசியை நீட்டிப் படம் காட்டுகிறான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். "அம்மாவுக்குப் புதுசா எது வந்தாலும் புடிக்காது" என்று மருமகளிடம் சொல்லிச் சிரிக்கிறான். புதுசாம்! பெற்றோல் இல்லாமல் ஓடும் காரில் நான் பத்து வயதிலேயே போயிருக்கிறேன். போய் என்ன கண்டேன் என்று கேட்டால்தானே சொல்லலாம். கேட்கவும் மாட்டான்.

அந்தக் கார் என் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. கல்யாணம் கட்டவில்லை. நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டதால், அதே லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருந்துகொண்டு எங்களுக்கு ஆண்துணையாக இருந்தார். சாப்பாடு எங்களோடுதான். குடி கிடையாது, யாரோடும் சண்டை கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். இவ்வளவு நல்ல மனுஷருக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இல்லாமல் இருக்குமா? அதுதான் அந்தக் கார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் தன் காரின் பின்பக்கம் கரி எரிக்கும் இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பூட்டி ஓட்டியிருக்கிறார். யுத்தம் முடிந்தது. பெற்றோல் வந்தது. துரை சீமைக்குக் கப்பல் ஏறினார். கார் ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்தக் காரை மாமா பெரிய துரையிடம் கெஞ்சி வாங்கினார். இரண்டு வருஷம் ஞாயிறு ஞாயிறாக அதைக் கழற்றினார், பூட்டினார், மறுபடி கழற்றினார். ஒருநாள் அது ஓடியது. சரி, இனிப் பெற்றோல் ஊற்றி ஓட்ட வேண்டியதுதானே? நாட்டில் எல்லாரும் அப்படித்தானே செய்தார்கள்? மாமா செய்ய மாட்டார்.

"பெற்றோலு எங்கயோ பாலைவனத்துலேருந்து கப்பல்ல வரணும். கரி நம்ம தோட்டத்துலயே கெடக்கு" என்பார்.

கெடக்காம்! கரி எங்கேயும் கிடக்கவில்லை. நானும் அம்மாவும்தான் அதை உண்டாக்கினோம். தோண்டிப் போட்ட கிழட்டுத் தேயிலைத் தூர்களை மலையிலிருந்து சுமந்து வந்து, குழியில் போட்டு, மண் மூடிப் புகைய வைத்து, இரண்டு நாள் காத்திருந்து எடுக்க வேண்டும். எடுத்ததும் அது வேலைக்கு ஆகாது. கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைக்க வேண்டும். பெரிய துண்டு போட்டால் எரியாதாம். தூளாகப் போட்டால் அடைத்துக்கொள்ளுமாம். உடைத்ததைச் சல்லடையில் சலித்து, அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காய வைக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பனியிலும் மழையிலும் காயவைத்த துணியே காயாது, இதில் கரியைக் காய வைப்பதாம். ஞாயிற்றுக்கிழமை மற்றப் பிள்ளைகள் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயில் பக்கம் விளையாடும். நான் மட்டும் மூக்குக்குள் வரைக்கும் கரியோடு உட்கார்ந்து கொட்டைப்பாக்கு உடைத்துக்கொண்டிருப்பேன்.

அத்தோடு விட்டதா? எங்காவது போக வேண்டுமென்றால் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே எழுந்து பீப்பாயின் அடிக்கதவைத் திறந்து நெருப்பு மூட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு கைச்சுற்று விசிறி இருந்தது. அதைத் தோள் கழன்று விழுகிற மாதிரி சுற்ற வேண்டும். சுற்றுவது யார்? நான்தான். கரி கனிந்து வாயு வரத் தொடங்கியதும் மாமா ஒரு சின்னக் குழாயின் வாயில் தீக்குச்சியைக் கிழித்து வைப்பார். சுடர் நீலமாக நின்றெரிந்தால் சரி, இல்லாவிட்டால் இன்னும் சுற்ற வேண்டும். அந்த வாயு காருக்கு அடியில் ஒரு குழாய் வழியாக முன்பக்கம் போய், தேங்காய்த் தும்பும் துணியும் அடைத்த ஒரு வடிகட்டிப் பெட்டிக்குள் நுழைந்து, அழுக்கை அங்கே விட்டுவிட்டு எஞ்சினுக்குப் போகும். இவ்வளவும் செய்த பிறகு, எஞ்சினை முதலில் கிளப்ப ஒரு போத்தல் பெற்றோல் வேண்டும்! பெற்றோல் வேண்டாத காருக்குப் பெற்றோல் வேண்டும். இதை நான் கேட்டால் மாமா காதில் விழாத மாதிரி இருப்பார்.

பின் இருக்கையில் கரிச்சாக்கு. மனுஷர்கள் அதன்மேல் உட்கார வேண்டும். சமமான ரோட்டில் கார் நன்றாகத்தான் ஓடியது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏற்றம் வந்தால் நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏற்றம் இல்லாத ரோடு எங்கே இருக்கிறது? பூண்டுலோயாக் கடைவீதியில் சில்லறைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை எல்லாரும் நானா என்போம். எங்களைக் கண்டதும் அவர் கடைக்கு வெளியே வந்துவிடுவார்.

"தம்பி, கார் ஒங்கள ஏத்திட்டுப் போகுதா, நீங்க கார ஏத்திட்டுப் போறீங்களா?"

கடைவீதியே சிரிக்கும். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

ஒருமுறை நானும் அம்மாவும் தூர் சுமக்கச் சோம்பல்பட்டு, பங்களா வேலியில் வெட்டிப் போட்டிருந்த சைப்ரஸ் மரக்கிளைகளைக் குழியில் போட்டு அரையும் குறையுமாகக் கரியாக்கிக் கொடுத்துவிட்டோம். பார்வைக்கு நல்ல கரிதான். கார் கடைவீதி தாண்டுவதற்குள் இருமி நின்றுவிட்டது. வடிகட்டித் துணி முழுக்கப் பிசின். எஞ்சின் வால்வெல்லாம் ஒட்டிக்கொண்டு, மாமா நாலு நாள் தலைகீழாக நின்றார். அந்தத் துணியை அம்மா, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மணல் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். அவள் நகக்கண்ணில் கறுப்பு ஒரு வாரம் போகவில்லை. அப்போதுகூட மாமா கோபப்படவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"தங்கச்சி, சூட்டுல உருகுற சாமான் எதுவும் இதுக்குள்ள போகக்கூடாது. பிசினு, மெழுகு, எதுவா இருந்தாலும். உருகி ஆவியாப் போயி துணியில ஒட்டிக்கும். அப்பறம் காரு செத்துப்போகும்."

"ஒங்க காரு வயித்துக்கு நான் பத்தியம் பாக்கணுமா அண்ணே?" என்றாள் அம்மா.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எனக்கு ஏழு வயதிருக்கும்போதே அவள் கொழும்பில் ஒரு பெரிய வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் கூடமாட உதவிக்கு ஒரு பிள்ளை வேண்டும், ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவோம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். மாமாவுக்குத் தெரிந்த ஓர் ஐயா மூலமாக வந்த ஏற்பாடு அது. மாமாதான் அவளைத் தலவாக்கலை ஸ்டேஷனில் கொண்டுபோய் ரயிலேற்றிவிட்டு வந்தார். முதலில் இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. மாமா இரண்டு தடவை கொழும்புக்குப் போய்விட்டு வந்தார். வந்து என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பெரியவர்கள் காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொழும்பு தூரம், அக்காவுக்குப் படிப்பு அதிகமாக இருக்கும், அதனால்தான் எழுத நேரமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாஸ்டர் ஒருவர்தான் அத்தனை வகுப்புக்கும் பாடம் நடத்தினார். ஒருநாள் அவர் லயத்துக்கே வந்துவிட்டார். நுவரெலியாவில் ஒரு பரீட்சை நடக்கிறது, அதில் பாஸ் பண்ணினால் டவுன் பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கிப் படிக்கலாம், எல்லாம் இலவசம், தோட்டத்திலிருந்து மூன்று பிள்ளைகளைத் தெரிவுசெய்திருக்கிறேன், அதில் இவள்தான் முதல் என்றார். எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"எத்தன வருஷம் அங்க இருக்கணுங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆறு ஏழு வருசம் இருக்க வேணும். லீவுக்கு வருவாள்தானே" என்றார் மாஸ்டர். "இந்த வருசம் விட்டால் வயது தாண்டிப்போம். பிறகு எழுத ஏலாது, அதை யோசியுங்கோ."

முதல் நாளே மூன்று பேரையும் பஸ்ஸில் கூட்டிப்போய்த் தன் சிநேகிதர் வீட்டில் தங்கவைப்பதாக மாஸ்டர் சொன்னார். விடிந்து புறப்படும் முதல் பஸ் நேரத்துக்குப் போய்ச் சேராது. அம்மா அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றாள். பொட்டப்பிள்ளையை ஓர் இரவு வெளியில் விட மாட்டேன் என்றாள். உடனே எங்கள் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவில் புகுந்தார்.

"எதுக்கு பஸ்ஸு? நம்ம காரு இருக்கே. விடியக்காலம் கெளம்புனா எட்டு மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசல்ல எறக்கிருவேன்."

"வேணாம் மாமா" என்று நான் அலறினேன். "பஸ்ஸுலயே போறேன். அந்தக் காரு நின்னுரும்."

"நிக்காது. ஒனக்காக ஒரு பொட்டு ஈரமில்லாத கரியா எடுத்து வெப்போம்."

யார் எடுத்து வைத்தது? நான்தான். பரீட்சைக்கு முந்தின மூன்று நாளும் ஒரு கையில் கணக்குப் புத்தகமும் ஒரு கையில் சல்லடையுமாக, துண்டு துண்டாகப் பார்த்துப் பொறுக்கி, பரணில் போட்டு, புரட்டிப் புரட்டிக் காய வைத்தேன். அந்தக் கரியைத் தட்டினால் கணீர் என்று கேட்கும். என் வாழ்க்கையில் அப்படி எந்த வேலையையும் பிறகு சுத்தமாகச் செய்ததில்லை.

பரீட்சையன்று விடியற்காலை மாமா நெருப்பை மூட்டினார். நான் புதுப் பாவாடையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு விசிறியைச் சுற்றினேன். குழாய் வாயில் சுடர் எடுத்த எடுப்பிலேயே நீலமாக நின்றது. "பாத்தியா?" என்று மாமா பெருமையோடு சொல்லிவிட்டு, சட்டை மாற்றக் காம்பராவுக்குப் போனார். நான் சுற்றுவதை நிறுத்தவில்லை.

அப்போது அம்மா தூபக்காலில் சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் காட்டுவது போல் காரைச் சுற்றி மூன்று தரம் காட்டினாள். எனக்கும் காட்டினாள். பிறகு தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு, பீப்பாயின் மேல்மூடியைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். மடியிலிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்தாள். நானா கடையில் திருவிழாவுக்கென்று வாங்கி வைத்திருந்த சாம்பிராணி முழுக்க அதில் இருந்தது. அப்படியே உள்ளே கொட்டினாள்.

"ஆத்தா மாரியம்மா, எம்புள்ளைய எங்கிட்டயே கொண்டாந்து சேத்துரு" என்றாள்.

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. உருகுகிற சாமான் எதுவும் போடக்கூடாது என்று மாமா சொன்னது நினைவுக்கு வந்ததா என்றால், வரவே இல்லை. சாம்பிராணி சாமிக்குப் போடுவது. அதைச் சாமானோடு யார் சேர்ப்பார்கள்?

"மாமாகிட்ட சொல்லாத, ஏசும்" என்றாள் அம்மா, மூடியை அழுத்தி மூடிக்கொண்டே. நான் தலையாட்டினேன். மாமா திரும்பி வந்து மூக்கை உறிஞ்சி, "கோயிலு மாதிரி மணக்குது" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு ஏறினார். அம்மா லயத்து முனையில் நின்று, நாங்கள் வளைவு திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். கையாட்டவில்லை.

தலவாக்கலை வரைக்கும் கார் பேசாமல் ஓடியது. ஸ்டேஷனைத் தாண்டும்போது மாமா அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் ரோட்டையே பார்த்து ஓட்டினார். நான் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு வந்தேன். நானுஓயாவுக்கு ஏறும் ரோட்டில் முதல் இருமல் வந்தது. இன்னொரு வளைவில் இரண்டு இருமல். பிறகு கார் ஒரு குலுங்கு குலுங்கி, பெருமூச்சு விட்டு, நின்றது.

  மாமா இறங்கி விசிறியைச் சுற்றினார். எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றினார். காரைப் பின்னால் உருட்டிவிட்டுக் கிளப்பிப் பார்த்தார். கடைசியில் முன்பக்கம் குனிந்து வடிகட்டிப் பெட்டியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தும்பும் துணியும் ஒன்றாக, பழுப்பு நிறத்தில், பாகு காய்ச்சிக் கொட்டியது போல ஒட்டிக்கிடந்தன.

மாமா ஒரு விரலால் அதைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்ல முடியாது. எனக்கு அது ஒரு யுகம். மணி போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனுஷர் விரலை மோந்துகொண்டு நிற்கிறார்! பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில நீ சுத்திக்கிட்டு இருந்தப்ப, ஒங்கம்மா பக்கத்துல இருந்துச்சா?"

ஏசுவார் என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. "இல்லயே" என்றேன்.

"கரி ஈரமா இருந்துருக்கு" என்றார் மாமா.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. "நான் காயவெச்ச கரியா ஈரம்? மூணு நாளா ஒக்காந்து காயவெச்சேனே! ஒங்க காருதான் சனியன்! பஸ்ஸுல போறேன்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். ஒரு கல்லை எடுத்துப் பீப்பாய்மேல் எறிந்தேன். அது டங்கென்று அடித்துத் தேயிலைக்குள் போய் விழுந்தது. மாமா தடுக்கவில்லை.

"பனி பட்டிருக்கும்டா" என்றார். "என் தப்புதான்."

போத்தலில் மிச்சமிருந்த பெற்றோலை ஊற்றித் துணியைக் கழுவிப் பார்த்தார். பிரயோசனமில்லை. எஞ்சினுக்குள்ளும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வந்த இரண்டு கார்களும் நிற்கவில்லை. கடைசியில் மரக்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த லொறி ஒன்று நின்றது. சிங்கள டிரைவர் தலையை நீட்டி, "மொகத உனே?" என்று என்ன நடந்தது எனக் கேட்டார். மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கையைக் கட்டிக்கொண்டு கெஞ்சினார். மாமா யாரிடமும் கையைக் கட்டி நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டிரைவர் என் பாவாடையையும் பென்சிலையும் பார்த்துவிட்டு, "நகின்ன, நகின்ன" என்று ஏறச் சொன்னார். முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நுவரெலியாவுக்குப் போனேன்.

பள்ளிக்கூடக் கேற்றைச் சாத்தியிருந்தார்கள். பரீட்சை தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மாஸ்டர் வெளியே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே ஓடினார். ஒருவரிடம் கேட்டார், இன்னொருவரிடம் கேட்டார், இருவரும் முடியாதென்று தலையை ஆட்டினார்கள். திரும்பி வந்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது.

"நேற்றைக்கே நான் கூட்டிக்கொண்டு வந்திருப்பனே! என்ன மனுசர் ஐயா நீங்கள்? இந்தப் பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டியளே!"

"கரி ஈரமாயிருச்சுங்க மாஸ்டர்" என்றார் மாமா.

"கரியோ?" என்று மாஸ்டர் கேட்டார்.  ஜன்னல் வழியே எங்கள் தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர்களில் ஒருவனுக்குப் பிரித்தல் கணக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பஸ்ஸில் திரும்பினோம். மத்தியானம் தாண்டி லயத்துக்கு வந்தபோது அம்மா வீட்டில் இருந்தாள். வேலைக்குப் போகவில்லை. என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. மூன்று தட்டில் சோறு போட்டிருந்தாள், கருவாட்டுக் குழம்பு சூடாக இருந்தது. எனக்கிருந்த பசியில் எதையும் யோசிக்காமல் உட்கார்ந்து தின்றேன்.

"தங்கச்சி, கரி ஈரமா இருந்துருச்சு. காரு நின்னுருச்சு. எல்லாம் என் தப்பு" என்றார் மாமா வாசலில் நின்றபடியே.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். என் பரீட்சைக்காக இப்படி அழுகிறாளே என்று எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. மாமாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவர் அந்தக் காரை மறுபடி ஓட்டவில்லை. நானுஓயா ரோட்டிலிருந்து ஸ்டோர் லொறியில் கட்டி இழுத்து வந்து போட்டதோடு சரி. எனக்குப் பரீட்சை மறுபடி வரவில்லை. மாஸ்டர் சாயங்காலங்களில் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் இன்று இதை எழுதுகிறது. பதினான்கு வயதில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்து, கூடை கட்டிக்கொண்டு, அம்மாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்தெடுத்தேன். அம்மா கடைசிவரை என்னோடுதான் இருந்தாள். நான் கட்டிக்கொண்டவரும் அதே தோட்டத்துக்காரர். அதையும் அம்மாதான் பார்த்து முடித்தாள்.

இந்தக் கதையை நான் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பேருக்கு நடுவில் சொல்லியிருப்பேன்! மாமா விரலை மோந்துகொண்டு நின்றதை நடித்துக் காட்டுவேன். "கரி ஈரம்" என்று அவர் குரலில் சொல்லுவேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பிள்ளைகள் அவரைக் கரிக்கார்த் தாத்தா என்றே கூப்பிட்டார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அம்மா மட்டும் நடுவில் எழுந்து குசினியில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். மகளின் படிப்புப் போனதை நினைத்து அவளுக்கு இன்னும் தாங்கவில்லை என்று நினைப்பேன்.

மாமா போய், அம்மாவும் போய்ப் பல வருஷம் கழித்து ஒருநாள், வீட்டில் சாம்பிராணி உருகித் தூபக்காலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டினேன். பழுப்பு நிறத்தில், பாகு காய்ச்சிக் கொட்டியது போல. விரலை மூக்கருகே கொண்டுபோனேன். அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன், மாமாவைப் போலவே. சைப்ரஸ் பிசினைப் பீலிக்கரையில் தேய்த்துத் தேய்த்து நகக்கண் கறுத்தவள் அம்மா. சூட்டில் உருகும் சாமான் உள்ளே போனால் கார் செத்துப்போகும் என்று அவளிடம்தான் மாமா சொன்னார். படிக்க வைப்போம் என்று சொல்லி ஒரு மகளைக் கூட்டிப்போனார்கள். அவள் திரும்பி வரவே இல்லை. அந்த மகளை ரயிலேற்றிவிட்டவர் மாமா. இதையெல்லாம் நான் எப்போதோ கூட்டிப் பார்த்திருக்கலாம். கணக்கில் முதல் பிள்ளை என்று பெயர்தான் பெரிய பெயர். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. மூன்று நாள் வந்தது. பிறகு அக்காவின் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை என்பது நினைவுக்கு வந்தது, கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் நான் மாமாவோடு பேசவில்லை. அவர் பக்கத்தில் உட்காராமல் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மடியில் வடிகட்டித் துணியைச் சுருட்டி வைத்திருந்தார். பூண்டுலோயாவுக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தில் பஸ் மெதுவானபோது, அவர் அந்தத் துணியை ஜன்னல் வழியாகத் தண்ணீரில் எறிந்தார். எனக்கு அதற்கும் எரிச்சல் வந்தது. வாயைத் திறந்தேன்.

"நல்ல துணிய எதுக்கு எறியுறீங்க? அம்மா கழுவிக் குடுக்கும்ல?"

"வேணாம்டா" என்றார் மாமா. "அம்மா அதப் பாக்க வேணாம்."

செய்த தப்பை மறைக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

சொல்லவும் செய்தேன்.